மல்லித் தோட்டத்து இன்ஜின்

முட்டுக்கட்டை மடியில் கனத்தது. சிக்கந்தர் ஜீப்பின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். முதுகு வண்டிப் பக்கம், முகம் பள்ளத்துப் பக்கம். வத்தலக்குண்டுத் தென்னந்தோப்புகள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. இந்த மலையில் இப்படி ஒரு சட்டம், எந்தப் புண்ணியவான் போட்டதோ தெரியாது: இன்ஜினை மாற்றி வைத்தவன் எவனோ, அவன்தான் லோடோடு ஏறுகிற முதல் ஏற்றத்துக்குக் கட்டையும் கையுமாகப் பின்பலகையில் உட்கார வேண்டும். வண்டி திணறி நின்றால் குதித்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பட்டறையில் நின்றுகொண்டு அதெல்லாம் ஏறும் ஏறும் என்று வாயால் சொல்கிற வேலை மேலே கானாங்கொம்பு ஊர்ச் சனத்திடம் செல்லாது. சொன்னாயல்லவா, வந்து உட்கார். இதே சட்டத்தை ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர்களுக்கும் பாலம் கட்டுகிற என்ஜினீயர்களுக்கும் போட்டால் நாடு எங்கேயோ போய்விடும் என்று நினைத்தான், சிரிப்பு வந்தது, அடுத்த குழியில் வண்டி தூக்கிப் போட்டதில் சிரிப்பு பல்லில் இடித்து நின்றது. சிமெண்டு மூட்டை, ரேஷன் அரிசி, உர மூட்டை, மேலே ஒரு கேஸ் சிலிண்டர் படுத்துக்கொண்டு உருளலாமா வேண்டாமா என்று யோசித்தபடி. அத்தனை பாரத்தையும் அந்தக் கிழ இன்ஜின் இழுத்துக்கொண்டு போகிறது, டக் டக் டக் என்று, ஒரு அவசரம் இல்லை, ஒரு முனகல் இல்லை. மாஷா அல்லா. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆனால் கேட்க விடாமல் மண்டைக்குள் ஒன்று உறுத்தியது. ஏதோ ஒன்றை, வண்டி ஓட்டுகிற வெள்ளத்தாயக்காவிடம் சொல்லவில்லை. என்ன அது? அணைக்கிற கம்பியைச் சொன்னோம். சாவியைத் திருப்பினால் இது நிற்காது அக்கா, இந்தக் கம்பியை இழுத்தால்தான் நிற்கும் என்று இழுத்தே காட்டினோம். ஆயில் சொன்னோம், தண்ணி சொன்னோம். ரொம்ப மிதிக்காதீங்க, மிதிச்சாலும் ஒண்ணுதான் மிதிக்காட்டாலும் ஒண்ணுதான் என்று சொன்னோம். இன்னும் ஒன்று. நாக்கு நுனியில்கூட இல்லை, அதற்கும் கீழே எங்கேயோ கிடந்தது.

போல்ட்டு எதுவும் விட்டுப்போகவில்லை, அது நிச்சயம். ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்தாகிவிட்டது, கண்ணை மூடினால் ஸ்பானர் பிடித்த அழுத்தம் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. இன்ஜினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகடு, ஒன்றின் துளை இன்னொன்றுக்குப் பொருந்தாதே, அதற்காகக் கடைந்து வாங்கிய தகடு, அதுவும் அச்சு மாதிரி உட்கார்ந்துவிட்டது. இந்த இன்ஜின் பிறந்தது டிராக்டருக்கு. டிராக்டரில் உழுது தீர்த்துவிட்டு, நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லித் தோட்டத்தில் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டு கிடந்தது. அப்புறம் கரண்டு மோட்டார் வந்தது, இதைக் கீற்றுக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்கள். சிக்கந்தர் அதைப் போய்ப் பார்த்த அன்றைக்கு இன்ஜின் தலைமேல் ஒரு கோழி உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. கொட்டகை முழுக்கப் பறித்துக் குவித்த மொட்டின் வாசம், நடுவில் பழைய டீசல் வாசம், அதற்கு நடுவில் கோழி. அவன் கிட்டே போனதும் அது கழுத்தைச் சிலுப்பிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தது பார், சொத்துக்காரி தோற்றாள். தோட்டக்காரர் சம்சாரம் ஓடிவந்து, பாய், குஞ்சு பொரிக்கட்டும் பாய், அப்புறம் தூக்கிட்டுப் போங்க என்றாள். சரி என்று வந்துவிட்டான். வெள்ளத்தாயக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே வந்தான். ஒரு ஊரே வண்டி இல்லாமல் கிடக்கிறது, ஜீப்பு கல்லு மேல் ஏறி நிற்கிறது, எதற்கு என்றால் ஒரு கோழிக்காக. அக்கா கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து யோசித்தாள். எத்தனை முட்டை பாய் என்றாள், அவ்வளவுதான். குஞ்செல்லாம் இறங்கினபின் போய், தோட்டக்காரர் டீசல் ஊற்ற, இவன் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் கொட்டகை அதிர்ந்தது, கீற்றிலிருந்து தூசி கொட்டியது, கோழி எட்டத்தில் நின்று கத்தியது, இன்ஜின் டக் டக் என்று நேற்றைக்கு நிறுத்தினதை இன்றைக்குத் தொடர்கிறது மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிக்கந்தருக்கு, தூசி என்று சொல்லிக்கொண்டான். வீட்டில் ஜொகராவிடம் சொன்னபோது, பழைய இரும்பைப் பாக்குற கண்ணால ஒரு நாளாவது என்னையப் பாத்திருக்கீங்களா என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

"பாய், கெட்டியா பிடிச்சுக்கங்க, தண்ணி ஓடை வருது!" முன்னாலிருந்து வெள்ளத்தாயின் குரல். பிடித்துக்கொண்டான். ஓடையில் முன்சக்கரம் இறங்கியது, ஏறியது, பின்சக்கரம் இறங்கியது, அவன் பாதத்தை ஐஸ் மாதிரி தண்ணீர் நக்கியது, ஏறியது. மூட்டை ஒன்றுகூட நகரவில்லை. இதைத்தான் சொல்கிறேன். கானாங்கொம்புக்கு ஜீப் ஓட்டுகிற ஆம்பளைகள் எத்தனை பேரோ வந்து போய்விட்டார்கள், ஓடைக்குள் இறங்கும்போது ஒவ்வொருத்தனும் வண்டியை ஒரு உதை உதைப்பான். இவள் இறக்குவது தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிறது மாதிரி இருக்கும். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பாள். கேட்டால், தோலுக்குத் தெரியிறது செருப்புக்குத் தெரியுமா என்பாள். இவள் ஓட்டுநரானதே ஒரு வேடிக்கை. ஜீப்பு வாங்கினது புருஷன் சடையாண்டி. வாங்கின பிறகுதான் தெரிந்தது, அந்த மனுஷனுக்கு வளைவில் திரும்பினாலே தலை சுற்றி வாந்தி வரும் என்று. முதல் நாள் ஓட்டிக்கொண்டு போய் மூன்றாவது வளைவிலேயே ஓரங்கட்டி இறங்கி, பாறையில் உட்கார்ந்துகொண்டு, இனிமே நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வண்டி நடுரோட்டில் நிற்கிறது. வெள்ளத்தாய் இறங்கிச் சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தாள், அன்றிலிருந்து இறங்கவில்லை. சடையாண்டி இன்றைக்கும் காபித் தோட்டத்திலிருந்து வத்தலக்குண்டு வரவேண்டுமென்றால் ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் வருவார், வழியில் பெண்டாட்டி ஜீப்பைப் பார்த்தால் கையைத் தூக்கிக் காட்டுவார், அவளும் ஆரன் அடிப்பாள். என்ன ஜோடி! சிக்கந்தர் பட்டறையில் எத்தனையோ டிரைவர்களின் கையைப் பார்த்திருக்கிறான். கியரைப் பிடுங்குகிற கை, அடிக்கிற கை, கெஞ்சுகிற கை. அக்காவின் கை கியர்க்கம்பிமேல் சும்மா இருக்கும், கம்பி தானாகப் போய் விழுந்தது மாதிரி இருக்கும். கியர்ப்பெட்டியைத் திறந்து பற்களைப் பார்த்தால் அத்தனை வருஷம் ஓடியும் முனை மழுங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இதையெல்லாம் வாய்விட்டு அவளிடம் சொன்னது கிடையாது. சொன்னால், சரி பாய், டீ குடிங்க என்பாள்.

"மதினி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க." இது தவசி, சடையாண்டியின் தம்பி. முன்சீட்டில் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தான், மேலே பஞ்சாயத்து பேசப் போகிறானாம். "இம்புட்டு மெதுவாப் போனா நான் நடந்தே போயிருப்பேன். அண்ணன் இந்நேரம் வீட்ல கால் நீட்டிப் படுத்திருக்கும்."

"இறங்கி நடங்க கொழுந்தனாரே. யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"அதுக்கில்ல மதினி. கோயம்புத்தூர்க்காரரு இந்தப் பழைய ஜீப்ப ஆசையாக் கேக்குறாரு. ஏசி ரூம்ல வச்சுத் துடைச்சு அழகு பாப்பாராம். வண்டிக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

"நேத்தே பேசியாச்சு. புளிச்சோத்து வளைவுல லோடோட ஏறிட்டா வண்டி என்னோடது. ஏறலேன்னா அவருக்குக் குடுத்துர்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காம வாங்க."

அந்தக் கோயம்புத்தூர்க்காரரைச் சிக்கந்தரும் பார்த்திருக்கிறான், பட்டறைக்கு வந்து ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நல்ல மனுஷன்தான், வண்டியைத் தொடுவதற்குமுன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் கொண்டுபோனால் இந்த வண்டிமேல் ஒரு கீறல்கூட விழாது. அதுதான் துக்கம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இது எதை இழுக்கும்? அக்கா எதை ஓட்டுவாள்? கீழே இறங்கி வந்து யார் வீட்டுப் பிக்கப்பிலாவது ஓரமாக உட்கார்ந்து போவாளா? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போன தடவை வைத்திருந்த இன்ஜின் தவசியின் யோசனை. புது மாதிரி, உள்ளே கம்ப்யூட்டர் மூளை வைத்தது, சத்தமே வராது, சிட்டாய்ப் பறக்கும். ஒன்றும் குற்றம் சொல்வதற்கில்லை, நல்ல தார்ரோட்டில் அது ராஜாதான். ஆனால் கானாங்கொம்பில் மேகம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும், எலிக்கு ஒயர் என்றால் கருவாடு மாதிரி. எங்கேயாவது ஈரம் பட்டால் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அது தன் உசிரைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிடும், மிதிமிதியென்று மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும், ஏற்றத்தில் அதுவும் போகாது. ஒரு நாள் அதில் கோயில் சாமானோடு போன பொம்பளைகள் அத்தனை பேரும் மழையில் இறங்கி, அடுப்பும் அண்டாவும் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அன்றைக்கு அக்கா கைபேசியில் அழைத்து, பாய், வண்டி என்னைய நம்ப மாட்டேங்குது என்றாள். என்ன வார்த்தை அது. கேட்டவனுக்குத் தூக்கம் வருமா? அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் ஊரெல்லாம் இன்ஜின் தேடி அலைந்தான். மூளை இல்லாத இன்ஜின், விளக்கு இல்லாத இன்ஜின், டீசலும் காற்றும் கொடுத்தால் வேறு எதுவும் கேட்காத இன்ஜின். சக தொழில்காரர்கள் சிரித்தார்கள், எல்லாரும் முன்னால போறாங்க, சிக்கந்தரு பின்னால போறான் என்றார்கள். போகட்டும். பின்னால். பின்னால்... இந்த வார்த்தையில் என்னவோ இருக்கிறது. சொல்லாமல் விட்டது இதற்குப் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. பின்னால் விளக்கா? பின்னால் அச்சா? இல்லை. கை விட்டுத் துழாவினான், பாசிக் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி தட்டுப்பட்டது, வழுக்கியது, மறுபடி அடியில் போய்விட்டது.

காற்று குளிர ஆரம்பித்தது. காபிச்செடி வாசம், நனைந்த மண், எங்கோ பலாப்பழம் பழுத்து விழுந்து கிடக்கிற வாசம். சாலையோரத்துச் சுவர் இங்கே முடிந்துவிடும், அதற்குமேல் வெறும் காற்றுதான். கீழே பார்க்காதே என்று ஜொகரா சொல்லி அனுப்பியிருந்தாள். பள்ளத்துக்கு முகம் காட்டி உட்கார்ந்திருக்கிறவன் கீழே பார்க்காமல் எங்கே பார்ப்பது? மேலே பார்த்தான். கேன்வாஸ் கூரைக்கு மேலே, முன்கண்ணாடி ஓரத்தில் அவன் நிறுத்தி வைத்த மூச்சுக்குழாய் தெரிந்தது; ஓடைத் தண்ணீர் உள்ளே போகாமல் இன்ஜின் அந்த உயரத்திலிருந்து காற்று இழுக்கட்டும் என்று வைத்தது. யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி நிற்கிறது. நல்லாத்தான் இருக்கிறது, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டான். பெருமைப்படும்போதே பயமும் வந்தது, இந்த இரண்டும் அவனுக்கு எப்போதும் ஒன்றாகத்தான் வரும். இன்ஜினின் சத்தம் மாறியது. டக் டக் கனமாகி, டங் டங் என்று, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிற மாதிரி. புளிச்சோத்து வளைவு. அந்தக் காலத்தில் தலைச்சுமைக்காரர்கள் இதற்குமேல் வெறும் வயிற்றோடு ஏற முடியாது என்று சுமையை இறக்கிவைத்துக் கட்டுச்சோறு தின்ற இடம். வளைவு என்பது மரியாதைக்கு. ரோடு நட்டுக்க நின்று, நின்றபடியே திரும்பிக்கொள்ளும். மூட்டைகள் எல்லாம் அவன் முதுகை நோக்கி ஒரு தரம் சாய்ந்தன. ஏறுது. ஏறுது. முதல் கியர். டங், டங். ஏறுடா ராஜா, ஏறு. இன்னும் நாலு வண்டி நீளம் போனால் மேட்டுச் சமதளம். முன்சக்கரத்தில் மழை உருட்டிவிட்ட கல் ஒன்று மாட்டியது, அவனுக்கு அது முதுகெலும்பில் தெரிந்தது. டங். அக்கா அரை மூச்சு காத்திருக்கிறாள். பழைய பழக்கம், அந்தப் புது இன்ஜினுக்குக் கொஞ்சம் காத்திருந்தால் பின்னாலிருந்து ஒரு உந்தல் வரும். இதற்கு வராது அக்கா, இதற்கு இருக்கிறது இவ்வளவுதான், காத்திருக்காதே. டங். அடுத்த டங் வரவில்லை.

நிற்கப்போகிற இன்ஜினில் கிளட்சை மிதிக்கக் கூடாது, கியரிலேயே விட்டால் கியரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது இந்த மலை டிரைவர்கள் பாலோடு குடித்த பாடம். அக்காவும் விட்டாள். சிக்கந்தர் குதித்தான், கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் திணித்தான், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அரை அடி பின்னால் வந்தது, கட்டையில் முட்டியது, அப்பாடா என்று நினைக்கும்போதே உள்ளே இன்ஜின் ஒரு இருமல் இருமி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. ஓடுது! ஓடுது என்று கத்த வாயைத் திறந்தான். சக்கரம் முன்னால் போகவில்லை. கட்டையின்மேல் ஏறியது. பின்னால் ஏறியது. கட்டை எகிறிப் பள்ளத்துக்குள் பறந்தது, விழுகிற சத்தம் வருமென்று காத்திருந்தால் வரவே இல்லை. மேலே பார்க்கிறான், மூச்சுக்குழாய் புகை கக்குகிறது. காற்று இழுக்க வேண்டிய குழாய் கரும்புகையைக் கக்குகிறது, புகையோடு சேர்ந்து எண்ணெய்த் துளி தெறிக்கிறது. அப்போதுதான், யா அல்லா, அப்போதுதான் வாளி மேலே வந்தது. இதுதான். இதைத்தான் சொல்லவில்லை. அக்கா, இந்த மாதிரிப் பழைய டீசல் இன்ஜினுக்கு மூளை இல்லையா, எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று அதற்கே தெரியாது. ஏற்றத்தில் மூச்சு முட்டி நிற்கிற நேரத்தில் பின்னால் உதைத்துக்கொண்டால் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். புகைபோக்கியில் மூச்சு வாங்கி மூக்கால் புகை விடும். முதல் கியரில் இருக்கிற வண்டி முழு பலத்தோடு பின்னால் போகும். சின்ன வயசில் அத்தா பட்டறைக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஒரு டிராக்டர் இப்படித்தான் பின்னால் ஓடியது, டிரைவர் முன்னால் போகட்டும் என்று மிதிக்க மிதிக்க அது பின்னால் பாய்ந்து தண்ணிக்குள் போய் உட்கார்ந்தது, ஊரே கைதட்டிச் சிரித்தது. அங்கே தண்ணீர் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது? ஆக்சிலேட்டரை மிதிக்காதே அக்கா. எல்லாரும் மிதிப்பார்கள், பழகின கால் மிதிக்கத்தான் செய்யும். "கம்பிய இழுங்க! அக்கா, கம்பிய இழுங்க!" தொண்டை கிழிந்தது. தவசி கதவில்லாத பக்கமாக ரோட்டில் விழுந்து எழுந்து ஓடினான். வண்டி பின்னால் வந்துகொண்டே இருந்தது, சிக்கந்தர் பின்பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு காலைப் பின்னால் பின்னால் வைத்தான், அவன் குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு ரோடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை, ஜொகரா, பார்க்கவில்லை, சொன்னபடி கீழே பார்க்கவில்லை.

நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, வண்டி நின்றது. மிதிக்கக் கூடாததை மிதிக்காமல் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்திருக்கிறாள். ஆனால் முழுசாக நிற்கவில்லை, மயிரிழை மயிரிழையாக இறங்குகிறது, இவ்வளவு பாரத்துக்கு அந்த பிரேக் காலுக்கடியில் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும், அதுவும் அவனுக்குத் தெரியும். கம்பியை இழு அக்கா. ஏன் இழுக்க மாட்டேன் என்கிறாய்? அப்புறம் அவன் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. ரிவர்ஸ் கியருக்கென்று ஒரு அழுகை உண்டு, ஊங் என்று மூக்கால் அழும், வேறு எந்தக் கியருக்கும் அது கிடையாது. ரிவர்ஸ் போட்டுவிட்டாள். முடிந்தது. பயத்தில் கை மாறிப்போய்விட்டது, பாவம், அவ்வளவு நல்ல கை. கடைசி நேரத்துக் கலிமா சொல்ல வாய் போனது. பாதி சொல்வதற்குள் பின்பலகை அவன் உள்ளங்கையை விட்டு விலகியது. விலகியது என்றால் மேலே. மேலே போகிறது. ரிவர்ஸ் கியர் ஊங் என்று அழ, மூக்கு வழியாகப் புகை கொட்ட, சிமெண்டும் அரிசியும் சிலிண்டரும் அலுங்காமல், ஜீப்பு முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு முன்னால் ஏறுகிறது. சிக்கந்தருக்கு ஒரு கணம் எது முன், எது பின் என்றே தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. தெரிந்ததும் அவன் தொண்டையிலிருந்து வந்தது கத்தலா சிரிப்பா என்று சொல்ல முடியாது. தலைகீழாகச் சுற்றுகிற இன்ஜினுக்குத் தலைகீழ்க் கியர்! ஆத்தாடி, எந்தப் பட்டறையில் சொல்லிக்கொடுத்தார்கள் இதை? அவனுக்குத் தோன்றியிருக்குமா? ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் தோன்றியிருக்காது, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நிறுத்துவதுதான். எதிர்ப்பக்கம் சுற்றும்போது ஆயில் பம்ப் ஆயில் தராது, பலமும் பாதிதான் இருக்கும், முக்கி முக்கிப் போகிறது. அவன் தோளைக் கொடுத்தான். தவசியும் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் தோளைக் கொடுத்தான், வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்புப் பொட்டு. தம் கட்டித் தள்ளினார்கள். கல்லைத் தாண்டியது. வளைவைத் தாண்டியது. பாதம் சமமாகப் பதிந்தபோதுதான் மேடு முடிந்துவிட்டது என்று தெரிந்தது, அப்போதுதான் அவள் கம்பியை இழுத்தாள், இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. காடு சத்தமில்லாமல் இருந்தது. ஒரு அணில் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

சிக்கந்தர் முன்னால் போனான். பானட்டைப் பிடித்துக்கொண்டான், சூடு. வெள்ளத்தாய் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள், வெறுங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன, அவள் அதைக் குனிந்து வேறு யாருடைய காலையோ பார்க்கிறது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? "அக்கா, இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். சொல்ல மறந்துட்டேன். உங்க உசிரு போயிருக்கும். என் தப்புத்தான் அக்கா." சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது, ரோட்டில் நின்று ஒரு மெக்கானிக் இப்படி அழலாமா என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை.

"என்னமோ ஆச்சுன்னு எனக்கும் தெரிஞ்சுச்சு பாய்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒண்ணாவதுல இருக்கு, பின்னால போகுது. அப்ப ரிவர்ஸ்ல போட்டா முன்னாலதானே போகணும்? வேற எங்கிட்டுப் போகும்?"

"கம்பிய இழுக்கச் சொன்னேனே அக்கா."

"கேட்டுச்சு. இழுத்தா இன்ஜின் நின்னுரும். பிரேக்கு இறங்கிக்கிட்டே போகுது. இன்ஜினும் இல்லாம பிரேக்கும் இல்லாம, எதை வச்சு நிக்கிறது? பின்னால நீங்க வேற இருக்கீங்க."

பின்னால நீங்க வேற இருக்கீங்க. அவன் பானட்டைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். ஆயில் குச்சியை உருவினான், துடைத்தான், விட்டான், உருவினான். இருக்கிறது, தெளிவாக இருக்கிறது. கொஞ்ச தூரம்தானே, ஒன்றும் ஆகியிருக்காது. ஆகியிருந்தால்? உள்ளே எங்கேயாவது உரசி இறுகிப்போயிருந்தால்? அவள் செல்ஃப் ஸ்டார்ட்டைத் தட்டினாள். அந்த ஒரு நொடி, கொட்டகையில் கைப்பிடி சுற்றின நேரத்தைவிட, ஏறின வளைவைவிட, அந்த ஒரு நொடி நீளமாக இருந்தது. டக். டக் டக் டக். மூச்சுக்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், உள்ளங்கையை உள்ளே இழுத்தது. சரியான பக்கம் சுற்றுகிறது. ஒன்றுமே நடக்காத மாதிரி, இப்ப என்ன அதுக்கு என்கிற மாதிரி சுற்றுகிறது. உன்னையும் என்னவென்று சொல்வது ராஜா என்று அதன் தலையில் தட்டிக்கொடுத்தான்.

தவசி சட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தான். முகமெல்லாம் எண்ணெய். "மதினி, போதும் மதினி. இன்னைக்குத் தப்பிச்சதே பெருசு. ஏறுனதும் ஒரு ஏத்தமா, ரிவர்ஸ்ல ஏறுனத யாராச்சும் கணக்குல வைப்பாங்களா? இங்கதான் டவர் கிடைக்கும், கோயம்புத்தூர்க்காரருக்கு இப்பவே போட்டுர்றேன்."

"போடுங்க," என்றாள் வெள்ளத்தாய்.

சிக்கந்தருக்கு உள்ளே என்னமோ அறுந்தது. சரிதான், அவள் என்ன தப்பாகச் சொன்னாள்? உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள், தப்பு நம்முடையது, எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது? பானட்டை மூடினான். தவசி நம்பரைப் போட்டு, சார் நான் தவசி பேசுறேன் சார், ஆமா சார், மதினி பேசுறாங்க என்று கைபேசியை நீட்டினான். அவள் வலக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். இடக்கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், வணக்கம். நல்லா இருக்கீங்களா? வண்டி வேணும்னு கேட்டீங்கள்ல... இல்ல சார், குடுக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லா வச்சுக்குவீங்க, எனக்குத் தெரியும். ஆனா இது இப்ப முன்னாலயும் ஓடுது, பின்னாலயும் ஓடுது சார். எப்படி ஓடுனாலும் நான் சொன்ன பக்கம் போகுது. இதை ஓட்ட உங்க ஊருல ஆளு கிடையாது."

கைபேசியை மூடித் தவசியிடம் கொடுத்தாள். கால் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதே காலால் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள்.

"ஏறுங்க பாய். மேகம் இறங்குது, அரிசி நனைஞ்சிரப் போகுது."